துக்க வீட்டுப் பொத்தல்கள்

மாணிக்கவாசகம் செத்த அன்று பூங்காவனம் அழவில்லை. காஜா பெராங் வட்டாரத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. மாரடித்து அழ வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக் கதறிப் பார்த்தார்கள், தோளைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார்கள், "ஒன் ராசா போயிட்டாரேடி" என்று காதுக்குள்ளேயே சொல்லியும் பார்த்தார்கள். அவள் சுவரில் சாய்ந்தபடி, "அந்த அடுப்ப யாராச்சும் அணைங்க, தார் கருகுது" என்றாள். வந்தவர்களுக்கு முகம் தொங்கிப் போனது. துக்கம் கேட்க வந்த இடத்தில் அடுப்பணைக்கும் வேலை கிடைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அடுப்பில் தார் இருந்தது நிஜம். அன்று போகி. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷத்தின் தை பிறக்க ஒரு நாள்தான் பாக்கி. மாணிக்கவாசகம் பால் டின்னில் தாரைக் காய்ச்சி, குச்சியில் முதல் உருண்டையைச் சுற்றி எடுத்துக்கொண்டு பாகல் பந்தலுக்குப் போனார். அடுத்த உருண்டைக்குத் திரும்பி வரவில்லை. நெஞ்சுவலி என்று பிறகு டாக்டர் சொன்னார்.

அந்த மனிதருக்குப் பொத்தல் என்றால் ஆகாது. சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு, இவருக்கு ஓட்டை அடைக்கிற பைத்தியம். மரக்கடையில் வேலை பார்த்தவர், பூச்சி குடைந்து பாழாய்ப்போன பலகைகளைப் பார்த்துப் பார்த்தே காலம் கழித்தவர் வேறு எப்படி இருப்பார்? கம்பத்துக் குடியிருப்பின் பின்னால், சாக்கடைக் கால்வாய் வரைக்கும் சரிந்து இறங்கும் அரை ஏக்கர் நிலத்தை வாங்கி, வீடு கட்டி, பந்தல் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு போகிக்கும் இதுதான் சடங்கு. பந்தல் கால்களிலும் வீட்டு உத்தரத்திலும் கருவண்டு குடைந்த பொத்தல்களைத் தேடித் தேடித் தார் வைத்து அடைப்பார். எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழுத்துவார். சூடு தாங்காமல் "ஊஸ்" என்று கையை உதறுவார். கால்வாய்க் கரையில் சின்னத் தேனீக்கள் போட்ட துளைகளை மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி மூடுவார். பட்ட கிளை, உளுத்த பலகை, பழைய பாய் எல்லாம் போகித் தீயில் போகும். அப்புறம் வீடு முழுக்கச் சுண்ணாம்பு. தோட்டம் குளித்துப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி நிற்கும்.

பவுடரும் உண்டு. யுத்தம் முடிந்த பிறகு கடைகளில் வர ஆரம்பித்த வெள்ளைப் பூச்சி மருந்தை மெல்லிய துணியில் முடிந்து, கொடிகளின் மேல் தட்டிக்கொண்டே நடப்பார். முதல் வருஷம் இலையில் ஓட்டை இல்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். நாலாவது வருஷம் பரங்கிக் கொடியில் மஞ்சள் மஞ்சளாகப் பூ வந்தது, ஒரு காய் நிற்கவில்லை. பிஞ்சோடு வந்த பெண் பூவெல்லாம் அழுகி உதிர்ந்தது.

"ஏங்க, மருந்து போட்டதுலேருந்துதான் தேனீயக் காணோம்" என்றாள் பூங்காவனம்.

"அது பூச்சிக்கு வச்ச மருந்து புள்ள. தேனீக்கு இல்ல."

"அது தேனீக்குத் தெரியுமா?"

பதில் இல்லாதபோது அவர் செய்கிற காரியம் காப்பி கேட்பது. கேட்டார்.

அப்போதிருந்து தேனீயின் வேலை இவர்கள் தலையில் விழுந்தது. விடிந்ததும் இரண்டு பேரும் கொடிக்குள் இறங்குவார்கள். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் தூளைப் பெண் பூவின் உள்ளே தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். அவர் பரங்கியைப் பார்ப்பார், அவள் பாகலைப் பார்ப்பாள். "நான் பெரிய தேனீ, நீ சின்னத் தேனீ. கொட்டுறதுல மட்டும் நீதான் பெருசு" என்பார். அவள் பாகல் இலையைக் கிள்ளி அவர் மேல் எறிவாள்.

இப்படி இருந்தவள் ஏன் அழவில்லை என்று ஊர் கேட்டது நியாயம்தான். அவளும் தன்னையே கேட்டுப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது. பசி வந்தது, சாப்பிட்டாள். தூக்கம் வந்தது, தூங்கினாள். காரியம் முடிந்து மகன் ஜெயபாலன் தம்பின் ஊருக்கு, தன் ரயில் ஸ்டேஷன் வேலைக்குத் திரும்பிப் போகும்போது, "வந்துருங்கம்மா, எங்கூடவே இருங்க" என்று கண் கலங்கினான். அவள் அவனுடைய சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, "அதத் தச்சுப் போட்டுக்க" என்று மட்டும் சொன்னாள்.

துக்க வீட்டுக்கு ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. பொங்கல் இல்லை, போகி இல்லை, சுண்ணாம்பு இல்லை. தார் டின் குச்சியோடு இறுகிப்போய்க் கொல்லையில் கிடந்தது. மருந்து மூட்டையை யாரும் தொடவில்லை. கரையை யாரும் மெழுகவில்லை. விடிந்ததும் பூங்காவனம் எழுந்து படியில் உட்காருவாள். உட்கார்ந்தபடியே இருப்பாள். கொடியில் பூ விரிந்து, காத்திருந்து, மூடிக்கொள்ளும். காய்க்காவிட்டால் போகட்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை.

சித்திரை கழிந்து ஒரு நாள் ஆட்டுக்குப் புல் அறுக்க வந்த பக்கத்து வீட்டுத் தெய்வானை, சிட்டி வீட்டு அம்மாள், கொடிக்குள்ளிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள். சிட்டிகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்ட தமிழர்கள்; அவளுக்குத் தமிழ் வராது, மலாய்தான். "லாபு! லாபு!" என்றாள். பூங்காவனம் போய்ப் பார்த்தாள். இலைக்கு அடியில் தலை அளவுக்கு ஒரு பரங்கிக்காய். யாரும் தொடாத பூவில் காய்த்த காய்.

மறுநாள் விடியலில் அவள் முதல் தடவையாகக் கொடிக்குள் இறங்கி நின்றாள். உடம்பெல்லாம் கறுப்பாக, முதுகில் மஞ்சள் பூசிய கருவண்டு ஒன்று உறுமிக்கொண்டு வந்து பூவுக்குள் விழுந்தது. பெயர்தான் வண்டு, அதுவும் தேனீச் சாதிதான். தூளில் புரண்டு, உடம்பு முழுக்க மஞ்சளாகி, அடுத்த பூவுக்குப் போனது. பின்னாலேயே போனாள். பந்தல் காலில் புதிதாகக் குடைந்த பொத்தல் ஒன்றுக்குள் அது நுழைந்தது. கால்வாய்க் கரையில், மெழுகு விட்டுப்போன வெடிப்புகளில், எள்ளளவு துளைகள் வந்திருந்தன. பட்டுப்போன ரம்புத்தான் கிளையின் பொந்தில், மலாய்க்காரர்கள் கெலுலுட் என்று சொல்கிற கொசுத்தேனீ மெழுகில் ஒரு சின்னக் குழாய் கட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒரு வேலை குறைந்தது என்று மட்டும் தோன்றியது. ஆனாலும் அன்றைக்கே மருந்து மூட்டையை எடுத்துப்போய், கொடிக்கும் கிணற்றுக்கும் எட்டாத மூலையில் குழி தோண்டிப் புதைத்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கை தானாகச் செய்தது.

அதன் பிறகு கைக்கு வேலை வந்துவிட்டது. மூங்கிலைத் துண்டு துண்டாக அறுத்து, ஒரு பக்கம் திறந்திருக்கும்படி கட்டி, கூரை இறவாணத்தில் தொங்கவிட்டாள். பட்ட தென்னையை வெட்டவில்லை. வேலியோரத்துத் தொட்டாச்சிணுங்கியையும் காட்டுச் செடிகளையும் பூக்க விட்டாள். கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி, தேனீ கால் வைக்கக் கல் போட்டாள். பிறகு உளியை எடுத்துக்கொண்டு பந்தல் கால்களிடம் போனாள். அவர் வருஷக்கணக்கில் அடைத்து வைத்த பழைய பொத்தல்களை ஒவ்வொன்றாகத் தோண்டித் திறந்தாள். ஒவ்வொரு தார் அடைப்பிலும் அவருடைய கட்டைவிரல் பள்ளம் இருந்தது. தோண்டினாள், தார் உதிர்ந்தது, அடுத்ததற்குப் போனாள். ஒன்றும் செய்யவில்லை அவளுக்கு. மூலைக் காலில் இருந்த ஒரே ஒரு அடைப்பை மட்டும் விட்டுவிட்டாள். அந்த மரம் ரொம்பக் கெட்டி, எந்த வண்டும் அதைச் சீந்தாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வீடு பார்க்கச் சகிக்கவில்லை. சுவர் பச்சை பிடித்தது, வேலி புதராயிற்று. ஆவணியில் சுதந்திரம் வந்தபோது கம்பமே கொடியும் தோரணமுமாக மினுங்கியது. பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய் வந்தவர்கள் தொண்டை கட்டித் திரிந்தார்கள். கமிட்டிக்காரர் கணேசமூர்த்தி சுண்ணாம்பு வாளியோடு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஊரு பூரா அடிச்சாச்சு. ஒங்க வீடு மட்டும் இப்படி இருந்தா மெர்டேக்காவுக்கே அசிங்கம்ல?"

"துக்க வீடு தம்பி" என்றாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் பூங்காவனத்துக்குப் புரிந்தது, துக்கம் ரொம்ப நல்ல வேலி என்று. யாரும் தாண்டி வர மாட்டார்கள். தேனீக்குத் தேவையானதும் அதுதான்.

காய்கள் பெண்டஹாரா சாலையில் முகைதீனின் மளிகைக் கடைக்குப் போயின. அவர் பரங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, காயி முன்ன மாதிரி கோணாம நல்லா வருது. என்ன ஒரம் போடுறீங்க?"

"ஒண்ணும் போடல. சும்மா விட்டுட்டேன்."

"சும்மா விட்டா எனக்கெல்லாம் தாடிதான் வளருது" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, பூச்சி குடைந்த பழைய மரப்பெட்டி ஒன்றைக் காட்டி, அடுப்புக்கு ஆகுமா என்று கேட்டார். அடுப்புக்கு இல்லை, ஆனாலும் கொடுங்கள் என்று வாங்கி வந்து மரத்தடியில் வைத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் அதிலும் கொசுத்தேனீ குடியேறிவிட்டது.

இப்படியே மார்கழி வந்தது. வருஷத் திதி போகிக்கு முந்தியே வந்துவிட்டது. திதிக்கு முதல் நாள் உஜோங் பாசிரிலிருந்து கொழுந்தன் கலியாணசுந்தரம் வந்தார், தம்பினிலிருந்து ஜெயபாலன் வந்தான். கலியாணசுந்தரம் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கையில் சுண்ணாம்பு மூட்டை, மறு கையில் புதுத் தார் டின்.

"நாளைக்குத் திதி முடிஞ்ச கையோட துக்கத்தக் கழிச்சிருவோம் அண்ணி. வீட்டப் பாருங்க, அண்ணன் இருந்தா ரத்தக்கண்ணீர் விட்டுருப்பாரு. பொத்தல் பூரா அடைச்சு, அந்தப் புதரக் கொளுத்தி, சுண்ணாம்பு அடிச்சுட்டுத்தான் நான் வீடு திரும்புவேன்."

பூங்காவனம் பந்தல் பக்கம் பார்த்தாள். காலில் ஒரு வண்டு பொத்தலிலிருந்து தலையை நீட்டிவிட்டு உள்ளே போனது. தார் வைத்தால் தாயும் முட்டையும் அதற்குள்ளேயே போய்ச் சேரும். ஒரே நாளில் எல்லாம் போய்விடும். திரும்பி வர எத்தனை வருஷமோ, வராமலும் போகலாம்.

"துக்கத்தக் கழிக்க வேணாம்" என்றாள். "இன்னும் ஒரு வருஷம் காக்கப் போறேன்."

கலியாணசுந்தரம் தார் டின்னைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊருல என்னென்னமோ பேசுனாங்க அண்ணி. கல்லு மனசுக்காரின்னாங்க. நானும்தான் நெனச்சேன். ரெண்டு வருஷம் துக்கம் காக்கிற பொம்பளைய நான் கேள்விப்பட்டதே இல்ல. எங்கண்ணன் குடுத்து வச்சவரு" என்றார். அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிடவும் குனிந்தார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். ஒரு பொய் இவ்வளவு சுலபமாக வேலை செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஜெயபாலன் பாகல் பந்தலுக்கு அடியில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளும் போனாள்.

"செகாமட்ல ஏற்கெனவே ஒரு வருஷம் காத்துட்டாங்கம்மா" என்றான் தலை நிமிராமல். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டைச் சொல்கிறான். "மாசியில முகூர்த்தம்னு நேத்துதான் சொல்லிட்டு வந்தேன். துக்க வீட்டுல கல்யாணம் ஆவாது. பரவால்ல, அப்பாவுக்காகத்தான. நான் சொல்லிக்கிறேன்."

சட்டையில் அதே பொத்தான் இல்லாமலே இருந்தது. தைத்துக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை. பூங்காவனத்துக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. இல்லாத ஒரு துக்கத்துக்காகப் பிள்ளை தன் கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறான்.

"அப்பாவுக்காக இல்லடா" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். பின்னால் வந்து நின்ற கலியாணசுந்தரமும் கேட்டார்.

"நான் ஒங்கப்பாவுக்கு அழுவலப்பா. அழுகை வரல. அன்னைக்கும் வரல, இன்னி வரைக்கும் வரல. இந்தத் தேனீங்களுக்காகத்தான் சொன்னேன். தார் வச்சா செத்துரும். துக்கம்னு சொன்னா யாரும் கைய வைக்க மாட்டீங்கன்னு சொன்னேன்."

"பூச்சிக்கா?" கலியாணசுந்தரத்தின் குரல் ஏறியது. "பூச்சிக்காகவா எங்கண்ணன் பேரச் சொல்லி நாடகம் ஆடுனீங்க? நான் வேற கால்ல விழப் பாத்தேனே!" அவர் தார் டின்னை எட்டி உதைத்தார். காலில் நல்ல அடி. ஒற்றைக் காலில் குதித்தபடியே வாசல் பக்கம் போய், அங்கே நின்று தொடர்ந்து திட்டினார். அவருக்குக் கோபம் நிஜம், வலியும் நிஜம்.

ஜெயபாலன் திட்டவில்லை. எழுந்து பந்தல் காலைச் சுற்றி வந்தான். ஒரு பொத்தலில் காதை வைத்தான். உள்ளே உறுமல் கேட்டிருக்க வேண்டும், முகம் மாறியது.

"இது எல்லாத்தயும் நீங்களா தொறந்தீங்க?"

"ஆமா."

"அப்பாவும் நீங்களும் விடியக்காலைல பூவத் தொட்டுட்டு இருப்பீங்களே, அந்த வேலைய இதுங்களே பாத்துக்குதா?"

"ஆமா."

"சரிம்மா. துக்கத்தக் கழிச்சிருவோம். சுண்ணாம்பு முன்பக்கம் மட்டும் போதும், கல்யாண வீடுன்னு தெரியணும்ல. பந்தல்லயும் கரையிலயும் யாரும் கை வைக்க மாட்டாங்க. சித்தப்பாட்ட நான் பேசிக்கிறேன்."

இவ்வளவுதானா? ஒரு பொய்யும் தேவைப்படாமல் முடிந்திருக்க வேண்டிய விஷயம். மகன் அதற்குள் மூலைக் காலுக்குப் போயிருந்தான். உளி அங்கேயே சொருகிக் கிடந்தது. அதை உருவி எடுத்தான்.

"இது ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு போலருக்கே. இதயும் தொறந்து விட்டுரவா?"

"தொடாத!"

அது அவள் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. திடுக்கிட்டு அவன் கை நின்றது. வாசலில் கலியாணசுந்தரத்தின் வசவும் நின்றது.

அவள் ஓடிப்போய் அந்த அடைப்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பழைய அடைப்பு இல்லை அது. அன்றைக்குப் போகிக் காலையில் அவர் எடுத்துப்போன முதல் உருண்டை. அவள் சமையல்கட்டில் இருந்தாள். பந்தலிலிருந்து "ஊஸ்" என்று சத்தம் வந்தது. "சுட்டுக்கிட்டீங்களா? நல்லா வேணும்" என்று சிரித்தபடி வெங்காயம் உரித்தாள். பதிலுக்கு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். வெங்காயம் முழுவதும் உரித்து முடித்த பிறகுதான், இன்னும் பதில் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தாள்.

"இது அன்னைக்கு வச்சதுடா" என்றாள். "நான் சிரிச்சேன்டா. அவரு விழுந்து கெடந்தாரு, நான் உள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

கையை எடுத்தாள். தாரில் பள்ளம் அப்படியே இருந்தது, ரேகை உட்பட. அதில் தன் கட்டைவிரலை வைத்தாள். அவர் விரல் பெரிசு. அவள் விரல் உள்ளே இடம் விட்டு ஆடியது.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தைக் கேட்டுத் தெய்வானை வேலியைத் தாண்டி ஓடி வந்தாள், "காசியான், காசியான்" என்று மலாயில் பாவம் பார்த்துச் சொல்லிக்கொண்டே. கம்பத்துப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யார் செத்தது என்று கேட்டவர்களுக்கு ஜெயபாலன், "அப்பா" என்றான். பக்கத்துப் பொத்தலிலிருந்து வண்டு வருவதும் போவதுமாக இருந்தது. பூங்காவனம் பந்தல் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை யாரிடமும் அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை.